சுமைகூலி

உம்லாங்காவில், ஏழாம் மாடியில்,
அந்தப் பக்கம் ஒரு நொடிக்குள் திறந்தது.
கைதட்டினோம். கேக் வெட்டினோம்.
நீலச் சர்க்கரையில் ஒரு மின்னல் குறி கேக்கின்மேல்.
மின்சாரம் வாங்கும் பக்கம் அது.
என் பங்கும் உண்டு அதில்:
தானே உருளும் படங்கள்,
நான்கு வகை எழுத்துரு,
மூலையில் "உதவட்டுமா" என்று எட்டிப்பார்க்கும் பொம்மை.
பொம்மை கண்சிமிட்ட வேண்டும் என்றார்கள்.
சிமிட்ட வைத்தேன்.
அந்த ஒரு சிமிட்டலுக்கே முந்நூறு கேபி.

சாட்ஸ்வர்த்தில், வெஸ்ட்க்ளிஃப் சரிவில்
எனக்கும் மோகாம்பரிக்கும் நடுவே ஒரே சுவர்.
அவளுடைய மீட்டர் பீப் அடித்தால்
என் அடுப்படியில் கேட்கும்.
ஜூலைக் குளிர். இரவுப் பணிக்குக் கிளம்பும் நேரம்.
வங்கியில் ஐம்பது ரேண்ட்,
கீறல் விழுந்த போனில் பதினோரு எம்பி.
எங்கள் பக்கம் வாசல் திறக்கவே ஒன்பது கேட்கும்.

முதலில் வந்தது
அவள் யாரென்று விசாரிக்கும் ஸ்கிரிப்ட்.
அடுத்தது
விரல் எங்கே தயங்கியது என்று குறித்துக்கொள்வது.
அதைக் கண்காணிக்க இன்னொன்று.
பின்னாலேயே
நாங்களே மறந்துபோன ஒன்று,
போன கிறிஸ்துமஸுக்குப் பனி தூவியது.
டர்பனில்.
டிசம்பர் வெயிலில்.
பனி.

மாப்பிள்ளை வண்டியிலிருந்து இறங்குமுன்
மேளக்காரர்கள் பந்தி முடித்துக்
கை கழுவிக்கொண்டிருந்தார்கள்.

பட்டன் தெரிந்தது.
தொட்டாள். மரம்.
இன்னொரு தரம் தொட்டாள். கல்.
மூன்றாவது தரம் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது,
சுற்றியது,
சுற்றிக்கொண்டே இருந்தது.
வங்கியின் குறுஞ்செய்தி மட்டும்
எந்த அலங்காரமும் இல்லாமல் ஓடி வந்தது:
ஐம்பது ரேண்ட் கழிந்தது.
எண் வரவில்லை.
டேட்டா தீர்ந்துபோனது.

இருபது இலக்கம். அவள் கேட்டது அவ்வளவே.
டாக்ஸியில் கொடுத்த மிச்சச் சில்லறையைச் சுற்றிய
காகிதத்தில் எழுதிவிடலாம்.
இருபது பைட்.
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.
முக்காலோடு நின்றிருந்தால் நான் ஏன் எழுதுகிறேன்?
ஒவ்வோர் இலக்கத்தின் பின்னாலும்
நாலரை லட்சம் கூலியாட்கள் நடந்து வந்தார்கள்,
ஒருவர் தலையிலும் சுமை இல்லை.

சுவரைத் தட்டினாள்.
"உன் வைஃபை கொஞ்சம் தாயேன்."
தந்தேன். எண் என் வீட்டில் உடனே வந்துவிட்டது,
பொம்மை கண்சிமிட்டியது.
நான் வாசிக்க வாசிக்க
அந்தப் பக்கம் அவள் அழுத்தினாள்,
நான்கு நான்காய், ஐந்து முறை.
பீப் நின்றது. அவள் ஜன்னல் மஞ்சளானது.

"இதைச் செஞ்சவன் மட்டும்
என் வார்டுல வந்து படுக்கட்டும்,
ஊசிய ரெண்டு தரம் குத்தறேன்"
என்றாள் சிரித்துக்கொண்டே.
செஞ்சவன் இல்லை என்று திருத்தவில்லை நான்.
நன்றிக்கு ஒரு புட்டி மாங்காய் ஊறுகாய் தந்தாள்.
அதையும் வாங்கிக்கொண்டேன்.

திங்களன்று பனியை எடுத்தேன்.
யாருக்கும் தெரியவில்லை.
விரலைப் பார்ப்பதை, பார்ப்பதைப் பார்ப்பதை எடுத்தேன்.
பொம்மையை எடுத்த நாலாம் நிமிடம்
மார்க்கெட்டிங்கிலிருந்து போன்.
மாலைக்குள் மிஞ்சியது
வெள்ளையாய் ஒரு பக்கம்: ஒரு பெட்டி, ஒரு பட்டன்,
எண் வந்து உட்கார ஓரிடம்.
பதினாலு கேபி.

கிரிபாஷன் குனிந்து பார்த்தான்.
"இன்னும் லோடாகலையா?"
"ஆயிடுச்சு."
"மீதி?"
"மீதி இல்ல."
அப்படியும் காத்திருந்தான்,
திரை கிழிந்து உள்ளேயிருந்து யாராவது
வருவார்கள் என்பதுபோல.

வியாழனன்று பொம்மை திரும்பிவிட்டது.
படங்கள் உருள்கின்றன.
பனி மட்டும் திரும்பவில்லை.
ஊறுகாய்ப் புட்டியை இன்னும் திறக்கவில்லை.
இப்போதெல்லாம் சுவருக்கு அப்பால்
பீப் கேட்டால்
அவள் தட்டுமுன்
நானே போய்த் தட்டுகிறேன்.